வர்க்கிப் பொட்டலமும் காத்திருப்போர் பட்டியலும்

1

சிட்னியில் ஒரு அரசுப் பள்ளியின் அன்பளிப்புப் பதிவேட்டில் என் பெயர் ஏறியிருக்கிறது. பொருள்: பிஸ்கட் வகை, ஒரு பொட்டலம். கொடுத்தவர்: சேர்க்கைக்குக் காத்திருக்கும் மாணவியின் தாய். நோக்கம் என்ற கட்டத்தில் அலுவலகப் பெண்மணி ஒரு வரி எழுதியிருக்கிறார். அது என்ன வரி என்று பிறகு சொல்கிறேன். எடுத்த எடுப்பில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இந்த விவரமெல்லாம் ஒரு கடிதமாக மின்னஞ்சலில் வந்தது. நான் வேலை பார்ப்பது ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில். மதியம் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். டப்பாவை மூடி வைத்தேன். கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. இந்த ஊரில் கோபம்கூட மரியாதையாகத்தான் வரும். காத்திருப்போர் பட்டியலில் பள்ளிக்கு எந்தப் பங்கும் கிடையாதாம், அதைக் கவனிப்பது கல்வித்துறையாம். நான் கொடுத்த பொருள் பதிவு செய்யப்பட்டு, ஆசிரியர் அறையில் பொதுவாக வைக்கப்பட்டதாம். இந்தப் பதிவு கோப்பில் இருக்குமாம்.

கோப்பில் இருக்கும் என்ற வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. குன்னூரில் ஒரு அலுவலகக் கிளார்க்கின் மகளாக வளர்ந்தவள் நான். கோப்பில் ஏறிய காகிதம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அது பேசாமல் படுத்திருந்து, நமக்குக் காரியம் ஆகவேண்டிய நாளில் எழுந்து உட்காரும்.

2

ஊரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே அரசுப் பள்ளிகளிலேயே சில பள்ளிகள் தனி. ஆறாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் ஒரு பொதுத் தேர்வு எழுதி, அதில் தேறினால்தான் அந்தப் பள்ளிகளில் ஏழாம் வகுப்பு. கட்டணம் கிடையாது. அதனால் போட்டி அப்படி. எங்கள் புறநகரில் ஒரு குழந்தை நடக்கக் கற்றுக்கொண்டதும் அடுத்து எந்த கோச்சிங் சென்டர் என்று கேட்பார்கள். என் மகள் கயல் மூன்றாம் வகுப்பிலிருந்து சனிக்கிழமைகளை அங்கேதான் கழித்தாள். நான் வெளியே காரில் உட்கார்ந்திருப்பேன். என்னைப்போல முப்பது அம்மாக்கள் முப்பது கார்களில். ஒருவருக்கொருவர் சிரித்துக்கொள்வோம். எந்த அத்தியாயம் நடக்கிறது என்று மட்டும் மூச்சு விடமாட்டோம்.

சில வருடங்களாக ஒரு மாற்றம். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள், தொலைதூர ஊர்ப் பிள்ளைகள், இந்த மண்ணின் பூர்வகுடிப் பிள்ளைகள் ஆகியோருக்கென்று கொஞ்சம் இடங்களை ஒதுக்கி வைக்கிறார்கள். நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் இங்கே இருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுவைப் பார்க்க வேண்டுமே. "இதுக்கு பயந்துதானே கடல் தாண்டி வந்தோம்" என்று ஒருவர் எழுத, நாற்பது பேர் கைதட்டியிருந்தார்கள். என் கணவர் செந்தில் நாற்பத்தோராவது ஆள்.

"ஏனுங்க, நீங்க கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் சேந்தது எந்த லிஸ்ட்லங்க?" என்று கேட்டேன்.

"அது வேற."

"எப்படி வேற?"

"நான் பி.சி. லிஸ்ட்ல வந்தாலும் நல்ல மார்க்கு புள்ள" என்றார். அப்புறம் தோசைக்குச் சட்னி போதவில்லை என்றார்.

முடிவு வந்த நாளில் கயலுக்கு இடம் கிடைக்கவில்லை, காத்திருப்போர் பட்டியல்தான் கிடைத்தது. அவளுடைய உயிர்த்தோழி மரியத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. மரியத்தின் குடும்பம் ஆப்கானிஸ்தானத்திலிருந்து வந்தது. அப்பா வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் வேன் ஓட்டுகிறார். அந்தப் பெண் கோச்சிங் வாசலையே மிதித்ததில்லை. ஒதுக்கிய இடமா, பொது இடமா என்று எனக்குத் தெரியாது. ஒதுக்கிய இடம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அப்படி நினைத்தால் வயிற்றெரிச்சலுக்கு ஒரு நியாயம் கிடைத்தது.

பிறகுதான் தெரிந்தது, கயல் ஒவ்வொரு வாரமும் கோச்சிங் தாள்களைப் பள்ளி நூலகத்தில் நகலெடுத்து மரியத்துக்குக் கொடுத்திருக்கிறாள். கேட்டபோது, "அவளுக்கு வேணும்னு சொன்னா, குடுத்தேன்" என்றாள். அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோலப் பார்த்தாள். மனசுக்குள் அவளைத் திட்டினேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

3

காத்திருப்பது எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமில்லாத காரியம். பட்டியல் ஒன்று இருக்கிறது என்றால், அதைக் கையில் வைத்திருக்கும் ஆள் ஒருவர் இருப்பார். அவரைப் போய்ப் பார்க்க வேண்டும். வெறுங்கையோடு போகக்கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தண்ணீர் குழாய், கேஸ் கனெக்‌ஷன், ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பது எல்லாம் அப்படித்தான் நடந்தது. பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

நாத்தனார் ஊரிலிருந்து வந்தபோது அப்பா கொடுத்தனுப்பிய வர்க்கி, எங்கள் மலையின் மொறுமொறு பிஸ்கட், இரண்டு பொட்டலம் இருந்தது. ஒன்றை எடுத்துப் பளபளப்பான தாளில் சுற்றினேன். ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு வேலையிலிருந்து கிளம்பி அந்தப் பள்ளிக்குப் போனேன். முதல்வரைப் பார்க்க முடியாது என்றார்கள். அலுவலகத்தில் ஜூலி என்று பெயர்ப்பட்டை அணிந்த பெண்மணி எழுந்து வந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்டார்.

என் ஆங்கிலம் பல் வலிக்காரர்களைச் சமாளிக்கும் அளவுக்கு நன்றாகவே இருக்கும். அன்று என்னவோ அது குன்னூர் பஸ் நிலையத்துக்கே திரும்பிப் போய்விட்டது. "கொஞ்சம் பாத்துச் செய்யுங்க" என்று நம்மூரில் சொல்வோமே, அதை அப்படியே ஆங்கிலத்தில் எடுத்து வைத்தேன். "ப்ளீஸ் சீ அண்ட் டூ." பதிவேட்டில் ஜூலி எழுதியிருந்த வரி அதுதான். மேற்கோள் குறிக்குள் எழுதியிருக்கிறார்.

அவர் பொட்டலத்தை வாங்கவா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கி, ஒரு படிவத்தை நீட்டினார். படிவம் வந்ததும் எனக்கு உள்ளே குளிர்ந்தது. காரியம் நகர ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். பெயர், பொருள், தோராய மதிப்பு எல்லாம் எழுதினேன். மறந்துவிடப் போகிறார்களே என்று கயலின் விண்ணப்ப எண்ணையும் மேலே பெரிதாக எழுதி ஒரு நட்சத்திரம் போட்டேன். அது அன்பளிப்பை அறிவிக்கும் படிவம் என்று மூன்று நாள் கழித்துக் கடிதம் வந்தபோதுதான் புரிந்தது. என் பெண்ணின் எண்ணை என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

யாரிடம் போய்ச் சொல்வது? திருடனுக்குத் தேள் கொட்டினதுபோல இருந்தேன். செந்திலிடம் மட்டும் சொன்னேன். அவர், "இன்னொரு பொட்டலம் இருக்குதா?" என்றார். கிண்டலா, பசியா என்று தெரியவில்லை.

4

இந்த இடத்தில் குன்னூரைப் பற்றிச் சொல்லாமல் தாண்டிப் போனால் நான் பொய் எழுதுகிறேன் என்று அர்த்தம்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, மேட்டில் இருந்த பெண்கள் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்குத் தேர்வு வைத்தார்கள். மலையில் பெரிய மனிதர்களின் பெண்கள் படிக்கும் பள்ளி. ஊர்ப் பிள்ளைகளுக்கும் சில இடங்கள் கொடுப்பார்கள், தேர்வில் முன்னால் வருகிறவர்களுக்கு என்று பேச்சு. எங்கள் ஆரம்பப் பள்ளியிலிருந்து இரண்டு பேர் எழுதினோம். நானும் புஷ்பமும். புஷ்பத்தின் அம்மா கீழே இருந்த தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். எனக்கு வகுத்தல் கணக்கு புரிந்ததே புஷ்பம் சிலேட்டில் போட்டுக் காட்டியதால்தான். வாத்தியார் சொன்னால் ஏறாதது அவள் சொன்னால் ஏறும். வகுப்பில் எப்போதும் அவள் முதல், நான் மூன்றாவது நான்காவது.

அப்பாவுக்குத் தேயிலை ஏல வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை. ஏலத்துக்கு வரும் தேயிலையின் சாம்பிள்களை எடுத்து வைத்து, ருசி பார்த்து முடிந்ததும் கணக்கு முடிக்கும் அறையில் கிளார்க். மிச்சம் ஆகும் சாம்பிளில் நல்லது கொஞ்சம் வீட்டுக்கு வரும். தேர்வு முடிந்த மறுநாள், அந்தப் பொட்டலங்களில் உயர்ந்ததாக ஒன்றை எடுத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு அப்பா மேட்டுப் பள்ளிக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார். அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. தலைமை ஆசிரியை பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு மேசை இழுப்பறையில் வைத்ததை மட்டும் பார்த்தேன்.

பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் கடைசி. புஷ்பம் பெயர் இல்லை. அவளுடைய அம்மா எழுத்துக் கூட்டி மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று இரண்டு முறை படித்தார். பிறகு என் கன்னத்தைத் தடவிவிட்டு, "நீயாச்சும் போற கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பள்ளியிலிருந்துதான் என் ஆங்கிலம், கல்லூரி, விசா எல்லாம் வந்தன. இந்தக் கதையில் தேயிலைப் பொட்டலம் இருந்ததை நான் யாருக்கும் சொன்னதில்லை. கயலிடம் எத்தனையோ தடவை, "அம்மா கோச்சிங் இல்லாம பரீட்சை எழுதி சீட்டு வாங்கினேன்" என்று பெருமையடித்திருக்கிறேன்.

இரண்டு வருடம் முன்னால் ஊருக்குப் போனபோது குன்னூருக்குப் பக்கத்துக் கட்டபெட்டில் ஒரு கல்யாணம். திரும்ப பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். இடுப்பில் பிளாஸ்டிக் தாள் கட்டிய பெண் ஒருவர், கொழுந்து வெட்டும் கத்தரி கையில், என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். புஷ்பம். நான் அடையாளம் கண்டு கையைப் பிடித்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு, "நல்லா இருக்கீங்களாங்க?" என்றாள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் என்னை நீங்க என்றாள்.

"புஷ்பம், நீயா என்னய நீங்கங்கறது?"

"இருக்கட்டுங்க. வெளிநாட்டுல இருக்கறீங்க." பிறகு தானாகவே சிரித்துக்கொண்டு சொன்னாள். "அந்தப் பரீட்சைல எனக்குத்தாங்க கணக்கு சரியா வரல. வெளிய வந்தப்போ எல்லாம் சரியாப் போட்ட மாதிரிதான் இருந்துச்சு. எங்கியோ தப்பு பண்ணிட்டேன்."

முப்பது வருடமாக அவள் அந்தத் தப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

5

கடிதம் வந்ததிலிருந்து என் நாட்கள் இப்படிப் போயின. காலையில் எழுந்ததும் மின்னஞ்சல். நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுத்துக்கொண்டே மின்னஞ்சல். கல்வித்துறைக்குப் போன் போட்டு விளக்கலாமா என்று தோன்றும். விளக்கினால் தெரியாதவர்களுக்கும் தெரியும். விளக்காமல் இருந்தால் கோப்பு தானாகப் பேசும். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இந்த நாட்டில் கதவுகளெல்லாம் தானாகத் திறக்கும், ஆனால் எந்தக் கதவை நோக்கி நடப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு மனு சுற்றியது. ஒதுக்கீடு வேண்டாம், தேர்வு மட்டுமே நியாயம் என்று. கையெழுத்துப் போடச் சொல்லி மூன்று பேர் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். போட்டால், தேயிலைப் பொட்டலத்தால் சீட்டு வாங்கியவள் நியாயம் பேசுகிறாள். போடாவிட்டால், சொந்தப் பெண்ணின் இடத்தையே விட்டுக்கொடுக்கிறாள். அந்தத் தேர்வும்தான் எவ்வளவு நியாயம்? மூன்று வருடச் சனிக்கிழமைகளை நான் வாங்கிக் கொடுத்தேன். கோச்சிங் என்பது ரசீது போட்டு விற்கும் சிபாரிசு, அவ்வளவுதான். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே மனுவைத் திறப்பேன், மூடுவேன். கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. அதை நல்ல குணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெயரை இன்னொரு காகிதத்தில் ஏற்றப் பயம்.

6

ஒரு வியாழக்கிழமை கல்வித்துறையிலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. கயலுக்கு இடம் உண்டு, பத்து நாளுக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று.

நான் சமையலறையில் அழுதேன். செந்தில் கேசரி கிண்டினார். கயல் மட்டும் மேசையில் உட்கார்ந்து கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மின்னஞ்சலை ஆரம்பித்துக் கொடுத்ததே அவள்தான், கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். அந்தப் பழைய கடிதத்தை அவள் எப்போதோ படித்திருக்கிறாள்.

"அம்மா, நீ அவங்களை ப்ரைப் பண்ணினியா?" லஞ்சம் என்ற தமிழ் வார்த்தை அவளுக்குத் தெரியாது. நான் வீட்டில் சொல்லிக்கொடுக்காத வார்த்தைகளில் அது ஒன்று.

"இல்லடா கண்ணு. அது வெறும் வர்க்கி. ஸ்கூலுக்கும் லிஸ்ட்டுக்கும் சம்பந்தமே இல்லைன்னு அவங்களே எழுதியிருக்காங்க பாரு."

"ஆனா அவங்க அதைச் சாப்பிட்டாங்க."

"சீட்டு குடுத்தது கவர்மெண்ட்டு. யாரோ ஒரு பிள்ளை வேண்டாம்னு சொல்லியிருக்கும், அதனால வரிசை நகந்துச்சு."

"அப்ப என் மார்க் எவ்வளவு?"

மார்க்கை அவர்கள் சொல்வதில்லை. எழுதியவர்களில் முதல் பத்து சதவீதமா, அதற்கு அடுத்த பகுதியா என்று தோராயமாகச் சொல்வார்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்து நொந்துபோகக் கூடாது என்று நல்லெண்ணத்தில் செய்தது. அன்று எங்கள் வீட்டில் அந்த ஒரு எண் இருந்திருந்தால் போதும். நான் சொல்வது உண்மை என்று நிரூபிக்க என்னிடம் எதுவுமே இல்லை.

"அம்மாவை நம்பு" என்றேன். "நானும் ஒரு காலத்துல பரீட்சை எழுதித்தானே..." அவள் முடிக்க விடவில்லை. "அப்பிச்சிகிட்ட கேக்கறேன்" என்றாள். என் அப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஞாயிறு மதியம் வழக்கம்போல அப்பாவோடு வீடியோவில் பேசும் நேரம். குன்னூரில் காலை. அப்பா குல்லாவோடு, பின்னால் சன்னலில் மூடுபனியோடு வந்தார். சீட்டு கிடைத்த செய்தியைச் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கயல் நேராகக் கேட்டாள்.

"அப்பிச்சி, அம்மாவுக்கு அந்தப் பெரிய ஸ்கூல் எப்படிக் கிடைச்சுது?"

"உங்கம்மா நல்லாத்தான் படிப்பா கண்ணு. இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லி வெக்கோணுமில்ல. நல்ல தேயிலையா ஒரு பாக்கெட் கொண்டு போயிக் குடுத்தேன்."

நான் போனைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை.

"அம்மா மார்க் பத்தலையா?"

"அது தெரியாது கண்ணு, மார்க்கெல்லாம் நான் கேக்கல. லிஸ்ட்டு ஒட்டறதுக்கு முந்தியே போயிட்டு வந்துட்டேன்."

"பாக்காமலேயா?"

"பாத்துட்டுப் போகலாம்னு இருந்தா, நமக்கு முந்தி வேறொருத்தரு போயிருவாங்க கண்ணு." அப்பா இதை ஒரு குழந்தைக்கு ஊர் நடப்பைச் சொல்லும் குரலில் சொன்னார். பிறகு நினைத்துக்கொண்டவராக, "அந்த எஸ்டேட்டுப் புள்ள ஒண்ணும் கூட எழுதிச்சு. பாவம், அதுக்கு யாரு போயிச் சொல்லுவாங்க" என்றார்.

கயல் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எனக்கு என்ன மார்க் வந்தது என்று எனக்கே தெரியாது, இனி தெரியவும் போவதில்லை என்பதை அந்த நிமிடம்தான் முழுதாக உணர்ந்தேன். என் பெண்ணுக்கும் அதையே செய்து வைத்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் வரை அவள் அந்த இடத்தை ஏற்கவில்லை. செந்தில் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். ஒன்பதாம் நாள் மாலை கணினியைத் திறந்து, ஏற்கிறேன் என்ற பொத்தானை அவளே அழுத்தினாள். பிறகு, எனக்குச் சரியாகப் புரிய வேண்டும் என்று நினைத்தவள்போல, தமிழில் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துச் சொன்னாள்.

"நான் போறேன். ஆனா நீ அந்த ஸ்கூலுக்கு வரக்கூடாது. உள்ள வரக்கூடாது. யார்கிட்டயும் பேசக்கூடாது."

"எப்பவுமா?"

"எப்பவும்."

சரி என்றேன்.

புது மாணவர்களுக்கான அறிமுக நாள் வந்தது. பெற்றோரும் கூட வரவேண்டிய நாள். செந்திலுக்கு வேலையிலிருந்து தப்பிக்க முடியவில்லை. நான் அவளை இரண்டு தெரு தள்ளி இறக்கிவிட்டுக் காரிலேயே இருந்தேன். மரியமும் அவள் அப்பாவும் அந்த வழியாக நடந்து போனார்கள். அவர் வேன் ஓட்டும் சீருடையிலேயே வந்திருந்தார். என்னைப் பார்த்துக் கையசைத்து, வரவில்லையா என்று சைகையில் கேட்டார். போனில் பேசுவதுபோல நடித்தேன்.

மூன்று மணி நேரம் கழித்துக் கயல் வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். எப்படி இருந்தது என்று கேட்கப் பயமாக இருந்தது. அவளே சொன்னாள்.

"எல்லாருக்கும் அம்மாவோ அப்பாவோ வந்திருந்தாங்க. எனக்கு ஏன் வரலைன்னு ஒரு டீச்சர் கேட்டாங்க. அம்மாவுக்கு வேலை, லீவு கிடைக்கலைன்னு சொல்லிட்டேன்."

நான் அந்த நாளுக்காக லீவு போட்டிருந்தது அவளுக்குத் தெரியும்.